இசட் புள்ளி நூற்றுக்கு எத்தனை?

ஏ.எல், அதாவது பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் பரீட்சை. அதன் ரிசல்ட் வந்த இரவு. பக்கத்து வளவு மாமி கையில் போனோடு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். பின்னால் மகள், அழுவதா சிரிப்பதா என்று தெரியாத முகத்தோடு. திரையில் ஒரு பி, இரண்டு சி. அதற்குக் கீழே இசட் புள்ளி 1.0667.

“மனே, இது நூத்துக்கா? நூத்துக்கு ஒண்டுதானா எடுத்திருக்காள்?”

மாமியின் கேள்வியில் பிழை ஒன்றும் இல்லை. பிள்ளை முதலாம் வகுப்பில் இருந்து கொண்டுவந்த எல்லா ரிப்போட்டிலும் மார்க் என்றால் நூற்றுக்குத்தான். திடீரென்று நான்கு தசமதானத்தோடு ஓர் எண் வந்து நின்றால் யாரும் குழம்புவார்கள். அன்றிரவு போனில் சுற்றிய விளக்கங்கள் இதைவிட மோசம். ‘கஷ்டமான பாடம் எடுத்தால் இசட் தானாகக் கூடும்’ என்றார் ஒருவர். ‘மட்டக்களப்புக்கு ஒரு இசட், கொழும்புக்கு ஒரு இசட்’ என்றார் இன்னொருவர். ‘மைனஸ் வந்தால் ஃபெயில்’ என்று ஒரு குரல் பதிவு. மூன்றும் பிழை.

இசட் புள்ளியை விளங்கிக்கொள்ளப் பெரிய கணிதம் தேவையில்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் போதும். ஓர் இடத்தில் வர்க்கமூலம் வரும், அதைப் போனில் உள்ள கல்குலேட்டரிடம் விட்டுவிடலாம். புள்ளிவிபரவியல் என்று பெயர் வைத்துப் பயமுறுத்தும் பாடத்தின் ஆரம்பப் பகுதி பெரும்பாலும் இந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிக் கிடக்கிறது. பரீட்சையை இப்போதைக்கு மறந்துவிட்டு வயலுக்குப் போவோம்.

## இரண்டு காணி, ஒரே சராசரி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இரண்டு காணி குத்தகைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒவ்வோர் ஏக்கர். ஒன்று உன்னிச்சைக் குளத்து வாய்க்கால் ஓரம். மற்றது வாவிப் பக்கம் இறங்கிக் கிடக்கும் பள்ளக்காணி. கடைசி ஐந்து மாரி வெள்ளாமையில் எத்தனை மூடை விளைந்தது என்று விசாரிக்கிறீர்கள். (எண்கள் கணக்குக்காக நான் இட்டவை.)

வாய்க்கால் காணி: 24, 25, 26, 25, 25.
பள்ளக்காணி: 40, 8, 35, 10, 32.

கூட்டிப் பாருங்கள், இரண்டும் 125. ஐந்தால் வகுத்தால் 25. இப்படிக் கூட்டி வகுத்து வருவதுதான் சராசரி. பாடப்புத்தகத்தில் இடை என்று இருக்கும். ‘ரெண்டும் இருபத்தஞ்சு மூடைக் காணிதான்’ என்று தரகர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நகையை அடகு வைத்து விதைப்புச் செலவு செய்கிறவர் இரண்டையும் ஒன்றாக நினைப்பாரா? பள்ளக்காணியில் வெள்ளம் நின்ற வருடம் 8 மூடை. உரக்கடைக் கடனுக்கே அது காணாது. நல்ல வருடத்தில் அதே காணி 40 கொடுத்து ஆளைத் தூக்கி நிறுத்தும். வாய்க்கால் காணி ஒருவரையும் பணக்காரர் ஆக்காது, ஆனால் நித்திரையைக் கெடுக்காது. 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்ட மட்டக்களப்பு, அம்பாறை விவசாயிக்கு இந்த வித்தியாசத்தைப் புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

சராசரி நடு எது என்று சொல்லும். அந்த நடுவைச் சுற்றி எண்கள் எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கின்றன என்று சொல்லாது.

சராசரியில் இன்னொரு குறையும் உண்டு, போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். ஓர் ஒழுங்கையில் பத்து வீடு. ஒன்பது வீட்டில் மாத வருமானம் 60,000 ரூபாய். பத்தாவது வீட்டுக்காரருக்கு நகைக்கடை, மாதம் 15 இலட்சம். சராசரி எடுத்தால் 204,000. அந்த ஒழுங்கையில் அந்தத் தொகைக்குக் கிட்ட உழைக்கிற வீடு ஒன்றுகூட இல்லை! இப்படிப்பட்ட இடத்தில் வீடுகளை வருமான ஒழுங்கில் வரிசையாக நிறுத்தி, நடுவில் நிற்பது எது என்று பார்ப்பது புத்தி. அதற்கு இடையம் என்று பெயர். இங்கே அது 60,000. இசட் கணக்குக்கு இடையம் தேவைப்படாது. பத்திரிகையில் ‘சராசரிக் குடும்பம்’ என்று வாசிக்கும்போது தேவைப்படும்.

## சிதறலை எப்படி அளப்பது

சட்டென்று தோன்றும் வழி, பெரியதில் இருந்து சிறியதைக் கழிப்பது. வாய்க்கால் காணிக்கு 26இல் 24 போக 2. பள்ளக்காணிக்கு 40இல் 8 போக 32. இதற்கு வீச்சு என்று பெயர். சுகமான கணக்குத்தான். ஆனால் ஒரே ஒரு கெட்ட வருடம் வந்தால் வீச்சு முழுவதும் அந்த வருடத்தின் கையில் போய்விடும். நடுவில் உள்ள மூன்று வருடங்களை அது கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை.

எல்லா வருடத்தையும் கணக்கில் எடுக்க வேண்டுமானால், ஒவ்வொரு வருடமும் 25இல் இருந்து எவ்வளவு விலகியது என்று எழுத வேண்டும். பள்ளக்காணியில் 15 கூட, 17 குறைவு, 10 கூட, 15 குறைவு, 7 கூட. சரி, இந்த விலகல்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால் என்ன? எடுத்துப் பாருங்கள். கூடினது எல்லாம் சேர்த்து 32, குறைந்தது எல்லாம் சேர்த்து 32. ஒன்றை ஒன்று வெட்டிப் பூச்சியம் வந்து நிற்கும். எந்தக் காணிக்குப் போட்டாலும் இதுதான் கதி, ஏனென்றால் கூடினதும் குறைந்ததும் சமப்படுகிற இடத்துக்குத்தான் சராசரி என்றே பெயர்.

இங்கேதான் கணக்குப் படித்தவர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். ஒவ்வொரு விலகலையும் அதே எண்ணால் பெருக்கிவிடுகிறார்கள், அதாவது வர்க்கம். குறைந்தது, கூடினது என்ற குறி காணாமல் போய்விடும். பள்ளக்காணிக்கு 225, 289, 100, 225, 49. கூட்டினால் 888. ஐந்தால் வகுத்தால் 177.6. இது மூடைக் கணக்கு இல்லை, மூடையை மூடையால் பெருக்கிய கணக்கு. திரும்ப மூடைக்கு வர வர்க்கமூலம் எடுக்க வேண்டும். கல்குலேட்டர் சொல்வது 13.3. வாய்க்கால் காணிக்கும் இதே வேலையைச் செய்தால் 0.63.

இந்த எண்ணுக்கு நியம விலகல் என்று பெயர். பெயர்தான் கனம், பொருள் லேசு. ஒரு காணி தன் சராசரியில் இருந்து வழமையாக எவ்வளவு அங்கே இங்கே ஆடும் என்பதுதான் அது. வாய்க்கால் காணி அரை மூடை சொச்சம் ஆடும். பள்ளக்காணி 13 மூடை ஆடும்.

ஏன் வர்க்கம், குறியை மட்டும் தூக்கிவிட்டு விலகலை அப்படியே கூட்டினால் ஆகாதா என்று கேட்கத் தோன்றினால் உங்களுக்கு இந்தப் பாடம் வரும். அப்படியும் ஓர் அளவு இருக்கிறது. வர்க்கம் பெரிய விலகலுக்குக் கூடுதல் பாரம் கொடுக்கிறது, பின்னால் வருகிற கணக்குகளுக்கும் அது வசதி. நமக்கு இங்கே அவ்வளவு போதும்.

வயலை உதாரணம் ஆக்கியது ஊர்ப் பாசத்தால் மட்டும் இல்லை. இன்று படிப்பிக்கிற புள்ளிவிபரவியலில் பெரும் பங்கு உண்மையாகவே வயலில் விளைந்தது. 1919இல் இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர், ஒரு பாத்தி கூடுதலாக விளைந்தது உரத்தாலா மண்ணாலா என்று பிரித்தறிய முறைகள் உண்டாக்கினார். புது மருந்தைச் சோதிக்கிறவர்கள் இன்றைக்கும் அந்த வழியில்தான் போகிறார்கள்.

## அதே மூன்று மூடை

இந்த வருடம் இரண்டு காணியிலும் 28 மூடை விளைந்திருக்கிறது. இரண்டிலும் சராசரியை விட 3 கூட. வட்டை, அதாவது வயல்வெளி முழுக்கப் பேசப்போவது எந்தக் காணியைப் பற்றி?

பள்ளக்காணிக்காரர் 28ஐப் பார்த்துவிட்டு வெற்றிலையைப் போட்டுக்கொண்டு போய்விடுவார். 40ஐயும் கண்டவர், 8ஐயும் கண்டவர், அவருக்கு இது ஒரு சேதியே இல்லை. வாய்க்கால் காணியில் 28 வந்தால் நிலைமை வேறு. என்ன இன நெல் போட்டாய், என்ன உரம் எறிந்தாய், மூடையைச் சின்னதாகக் கட்டினாயா என்று வரம்பில் நின்றே விசாரணை தொடங்கிவிடும்.

வட்டையில் உள்ளவர்கள் மனதுக்குள் செய்கிற இந்தக் கணக்கை எண்ணில் எழுதுவோம். 3 மூடையை அந்தந்தக் காணியின் ஆட்டத்தால் வகுக்க வேண்டும். பள்ளக்காணிக்கு 3ஐ 13.3ஆல் வகுத்தால் 0.23, அதாவது அதன் வழமையான ஆட்டத்தில் கால் பங்குகூட இல்லை. வாய்க்கால் காணிக்கு 3ஐ 0.63ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 5. வழமையான ஆட்டத்தைப் போல ஐந்து மடங்கு.

இசட் புள்ளி என்பது இவ்வளவும்தான். எண்ணில் இருந்து சராசரியைக் கழி, மிஞ்சுவதை நியம விலகலால் வகு. முதல் படி நடுவில் இருந்து எவ்வளவு தூரம் என்று சொல்கிறது. இரண்டாம் படி, அந்த இடத்து வழக்கத்துக்கு அந்தத் தூரம் பெரிதா சிறிதா என்று சொல்கிறது. மூடையை மூடையால் வகுத்ததால் கடைசியில் வருவது மூடையும் இல்லை, மார்க்கும் இல்லை. நூற்றுக்கு என்ற பேச்சுக்கே இடம் இல்லை.

## மூடை போய் மார்க் வந்தது

இனிப் பரீட்சை மண்டபத்துக்குள் போகலாம். காணிக்குப் பதில் பாடம், விளைச்சலுக்குப் பதில் மார்க். ரிசல்ட்டில் மார்க்கைக் காட்டமாட்டார்கள், ஏ, பி, சி என்ற தரமும் இசட்டும் ரேங்க்கும்தான் வரும். ஆகவே மாமியின் மகளுக்கு நானே ஒரு கணக்குக் கட்டுகிறேன்.

உயிரியலில் 68 எடுத்திருக்கிறாள். நாட்டில் அந்தப் பாடம் எழுதின எல்லாருடைய சராசரி 52, நியம விலகல் 16 என்று வைப்போம். 68இல் 52 போக 16, அதை 16ஆல் வகுத்தால் 1.

இரசாயனவியலில் 61. சராசரி 43, நியம விலகல் 15. மிச்சம் 18, வகுத்தால் 1.2.

பௌதிகவியலில் 59. சராசரி 41, நியம விலகல் 18. மிச்சம் 18, வகுத்தால் 1.

மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 1.0667. மாமியின் போனில் இருந்த எண்.

அவளுக்கு மார்க் கூடின பாடம் உயிரியல். பி வந்ததும் அதற்குத்தான். ஆனால் அவள் கூட்டத்தை விட்டு அதிக தூரம் முன்னே போனது சி வந்த இரசாயனவியலில். வீட்டில் ‘கெமிஸ்ட்ரிதான் உன்னைக் கவிழ்த்தது’ என்று பேச்சு வாங்கியிருப்பாள், பாவம்.

‘கஷ்டமான பாடம் எடுத்தால் இசட் கூடும்’ என்ற கதையையும் இங்கேயே முடித்துவிடலாம். வினாத்தாள் கஷ்டமாக இருந்தால் உங்கள் மார்க்கும் இறங்கும், கூட இருந்து எழுதியவர்களின் மார்க்கும் இறங்கும், சராசரியும் சேர்ந்தே இறங்கும். உங்கள் இடம் மாறுவதில்லை. மறுபக்கமாக, பரீட்சைத் திணைக்களம் நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் 10 மார்க் சும்மா போட்டாலும் இசட் அசையாது. எல்லாருக்கும் 10 கூடினால் சராசரிக்கும் 10 கூடும், கழித்தால் பழைய மிச்சமே வரும். இந்தக் கணக்கைக் கொண்டுவந்ததே பாடத்துக்குப் பாடம் மாறுகிற இந்தக் கஷ்ட இலகுவைச் சமப்படுத்தத்தான். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில் முன்வைத்த யோசனை, 2000களின் தொடக்கத்தில் இருந்து பல்கலைக்கழக அனுமதிக்குப் பயன்படுகிறது. அதற்கு முன் பாடங்களின் மார்க்கை அப்படியே கூட்டினார்கள். அது வாய்க்கால் காணி மூடையையும் பள்ளக்காணி மூடையையும் ஒரே தராசில் ஏற்றின மாதிரி.

## மூன்று ஏ எடுத்தவர் ஏன் பின்னால் நிற்கிறார்

ஒவ்வொரு வருடமும் தெருவில் வருகிற சண்டை இது. ‘அந்தப் பிள்ளைக்கு ரெண்டு ஏ ஒரு பி, எங்கட பிள்ளைக்கு மூன்று ஏ, ஆனா ரேங்க் அதுக்குத்தான் முன்னுக்கு. எங்கேயோ விளையாடியிருக்கிறார்கள்.’

யாரும் விளையாடவில்லை. 75இலும் ஏ, 99இலும் ஏ. தரம் என்பது பெரிய கண் உள்ள சல்லடை. மேலே இட்ட அதே சராசரிகளை வைத்துப் பாருங்கள். மூன்று பாடத்திலும் சரியாக 75 எடுத்தவருக்கு மூன்று ஏ, இசட் 1.82 அளவில் வரும். உயிரியலில் 95, இரசாயனவியலில் 92, பௌதிகவியலில் 74 எடுத்தவருக்கு அந்த ஒரு மார்க்கால் பி விழுந்துவிட்டது, ஆனால் இசட் 2.60 அளவில் வருகிறது. இரண்டாமவர் எவ்வளவோ முன்னால்.

## மைனஸ் என்றால்

சராசரிக்குக் கீழே எடுத்தால் கழித்தலில் மைனஸ் வரும். அவ்வளவுதான். சராசரி 52 ஆன பாடத்தில் 50 எடுத்தவருக்கும் அந்தப் பாடத்தில் மைனஸ்தான், அவர் தாராளமாகப் பாஸ். சித்தியா இல்லையா என்பதை மார்க் முடிவு செய்கிறது, இசட் அல்ல. ஒரு பாடத்தில் சராசரிக்கு மேலே சிலர் இருந்தால் கீழேயும் சிலர் இருந்தே ஆக வேண்டும், கூடினதும் குறைந்ததும் சமப்படுகிற இடம்தான் சராசரி என்பதால். எல்லாருமே சராசரிக்கு மேல் போகும் ஊர் உலகத்தில் இல்லை, எங்கள் ரியூட்டரி நோட்டீஸ்கள் என்னதான் சொன்னாலும்.

1.0667 என்றால் கூட்டத்தில் எந்த இடம்? மார்க்குகள் மணி கவிழ்த்த வடிவில், நடுவில் குவிந்து இரு பக்கமும் மெலிந்து விழுந்திருந்தால், நூற்றுக்கு 68 பேர் அளவில் இசட் மைனஸ் 1க்கும் 1க்கும் இடையில் இருப்பார்கள். 95 பேர் அளவில் மைனஸ் 2க்கும் 2க்கும் இடையில். இந்த வடிவத்துக்குச் செவ்வன் பரம்பல் என்று பெயர். அந்தக் கணக்கில் இசட் 1 என்றால் நூற்றுக்கு 84 பேர் அளவில் பின்னால் நிற்கிறார்கள். ஆனால் ஒரு பாடத்தின் மார்க் இப்படி அழகாகக் குவியும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, ரிசல்ட்டில் வருவது மூன்று இசட்டின் சராசரி என்பதால் கணக்கு இன்னும் கொஞ்சம் மாறவும் செய்யும். ஆகவே 84 என்பதை ஒரு கைம்மதிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

## வெட்டுப்புள்ளியும் பாதையும்

மாமியின் இரண்டாவது கேள்வி எதிர்பார்த்ததுதான். “அப்ப கம்பஸ் கிடைக்குமா?”

மண்டூரில் இருந்து குருமண்வெளிக்கு வாவியைப் பாதையில் (ஆளையும் வாகனத்தையும் ஏற்றும் மிதவையை அப்படித்தான் சொல்வோம்) கடந்து பழகியவர்களுக்கு இதை விளக்குவது சுகம். கரையில் வரிசை நிற்கும். சைக்கிள், மோட்டார் சைக்கிள், சாமான் மூடை, பள்ளிக்கூடப் பிள்ளைகள். பாதை கொள்ளும் அளவுக்கு ஏற்றுவார்கள், நிறைந்ததும் மறித்துவிடுவார்கள். கடைசியாக ஏறியவர் யார் என்பது அந்த நேரம் வரை யாருக்கும் தெரியாது. அவர் வரிசையில் முப்பதாவதாக நின்றிருந்தால் அந்தப் பயணத்தின் வெட்டு முப்பது. அடுத்த பயணத்தில் இரண்டு மோட்டார் சைக்கிள் கூடுதலாக ஏறினால் வெட்டு இருபத்தைந்து.

வெட்டுப்புள்ளியும் இதே மாதிரி. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் ஒருவர் உட்கார்ந்து ‘இந்த வருடம் மருத்துவத்துக்கு இவ்வளவு’ என்று முன்கூட்டித் தீர்மானிப்பதில்லை. விண்ணப்பித்தவர்களை இசட் ஒழுங்கில் நிறுத்தி இடங்களை நிரப்புகிறார்கள். கடைசியாக உள்ளே போன பிள்ளையின் இசட்தான் வெட்டுப்புள்ளி. போன வருட வெட்டுப்புள்ளியை வைத்து இந்த வருடத்தை ஊகிக்கலாம், அடித்துச் சொல்ல முடியாது.

மாவட்டக் குழப்பம் இங்கேதான் முளைக்கிறது. இசட் கணிப்பது நாடு முழுவதற்கும் ஒரே கணக்கில். கொழும்பில் எழுதினாலும் கொக்கட்டிச்சோலையில் எழுதினாலும் அதே சராசரி, அதே நியம விலகல். மாவட்டம் வருவது அதற்குப் பிறகு, வரிசை நிற்கும்போது. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீத இடங்கள் நாடு முழுவதற்கும் ஒரே வரிசை. 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகை விகிதப்படி. மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்தவை என்று அடையாளம் கண்ட 16 மாவட்டங்களுக்கு, மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பட்டியலில் உண்டு. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனி வரிசை என்பதால் வெட்டும் தனித்தனி. கல்லாற்றில் ஒரு பிள்ளை, பெரியநீலாவணையில் அதன் மச்சாள். நடுவில் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான், ஆனால் ஒன்று மட்டக்களப்பு மாவட்டம், மற்றது அம்பாறை. இருவரும் தத்தம் மாவட்டப் பாடசாலையில் படித்து, இருவருக்கும் ஒரே இசட் வந்தாலும், ஒருத்திக்கு இடம் கிடைத்து மற்றவளுக்குக் கிடைக்காமல் போகலாம். இசட்டில் குற்றம் இல்லை, பாதை வேறு.

இது சரியான ஏற்பாடா என்று கேட்டால் அது கணக்குக் கேள்வி இல்லை, நியாயம் பற்றிய கேள்வி. இரண்டையும் கலந்து வாதாடுவதால்தான் பாதிச் சண்டை தீர்வதில்லை.

## கணக்குப் பிழைத்த வருடம்

இசட் கணக்கு எங்கே கவிழும் என்பதை 2011ஆம் ஆண்டு ஏ.எல் காட்டியது. அந்த வருடம் பழைய பாடத்திட்டத்தில் ஒரு கூட்டமும் புதிய பாடத்திட்டத்தில் ஒரு கூட்டமும் பரீட்சை எழுதின. வினாத்தாள் வேறு. ஆனால் இரண்டு கூட்டத்தையும் சேர்த்து இசட் கணித்தார்கள். விளைச்சல் குறைந்த சம்பா இனம் விதைத்த காணிகளையும் விளைச்சல் கூடின இனம் விதைத்த காணிகளையும் ஒரே குவியலில் போட்டுச் சராசரி எடுத்தால் என்ன ஆகும்? சம்பாக்காரர் எவ்வளவு நன்றாக விளைவித்தாலும் பின்தங்கினவராகத் தெரிவார். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2012 ஜூனில் அந்த இசட் புள்ளிகள் செல்லாது, இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனியே கணிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ‘யாருடைய சராசரி?’ என்ற ஒரு கேள்வியை முதலில் கேட்டிருந்தால் நீதிமன்றம்வரை போயிருக்க வேண்டியதில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வயதானவர்கள் இசட் என்றதும் ‘தரப்படுத்தல்தானே’ என்று முகம் சுளிப்பதையும் கண்டிருக்கிறேன். கோபம் விளங்குகிறது. 1970களின் தொடக்கத்தில் அந்தப் பெயரில் நடந்தது வேறு. தமிழ் மொழியில் எழுதியவர்கள், சிங்களத்தில் எழுதியவர்களைவிடக் கூடுதலான மார்க் எடுத்தால்தான் உள்ளே போகலாம் என்ற நிலை அன்று இருந்தது. இன்றைய இசட் கணக்கில் மொழி வருவதில்லை. ஒரு பாடத்துக்கு எந்த மொழியில் எழுதினாலும் ஒரே கூட்டம்.

ஆனால் இன்றைய கணக்கு குறை இல்லாதது என்று நான் சொல்லமாட்டேன். அதற்குள் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது. எந்தப் பாடத்தை எழுதும் கூட்டமும் திறமையில் ஏறத்தாழ ஒரே மாதிரி என்ற ஊகம் அது. கெட்டிக்காரப் பிள்ளைகள் மட்டும் தேடிப்போய் எடுக்கும் பாடம் ஒன்று இருந்தால், அங்கே சராசரியே உயரத்தில் நிற்கும். நன்றாக எழுதியவருக்கும் சின்ன இசட்தான் வரும். அதேபோல ஒரு வருட இசட்டை இன்னொரு வருட இசட்டோடு வைத்து ‘அண்ணனைவிடத் தம்பி கெட்டிக்காரன்’ என்று சொல்வதிலும் பொருள் இல்லை. அண்ணன் எழுதியபோது இருந்த கூட்டம் வேறு, தம்பியோடு எழுதிய கூட்டம் வேறு.

இதையெல்லாம் வாசல் படியில் இருந்து, பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் காணி இரண்டும் கீறி, மூடைக் கணக்கும் போட்டு முடித்தபோது பதினொன்றரை மணி. மாமி கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். மகள்தான் போனை வாங்கித் திரையைக் கீழே தள்ளிப் பார்த்தாள்.

“அண்ணா, மாவட்ட ரேங்க் இஞ்ச கீழ கிடக்கே. வரிசையில எத்தினையாவதுன்னு இதிலயே இருக்கு.”

மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். “அத முதல்லயே சொல்லியிருக்கலாமே மனே. என்ட நித்திரையும் போய்த்து.”